மாட்டுக்குப் பல்லு, பேஸுக்குக் கழுத்து: பழைய பேஸ் கிட்டார் பாத்து வாங்கி ரெடி பண்றது எப்படி

போன வாரம் பாபநாசத்துலேர்ந்து எங்கக்கா பையன் போன் பண்ணான். "மாமா, பேஸ் கிட்டார் வாங்கணும், கையில 12,000 இருக்கு, புதுசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், செம பளபளப்பு"ன்னான். பளபளப்பை வச்சு என்னடா பண்ணப் போற, பழசு ஒண்ணு தேடுன்னு சொல்லிட்டு, அதை எப்படிப் பாத்து வாங்கணும்னு ஒரு மணி நேரம் போன்லயே பேசிக்கிட்டிருந்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா நம்ம கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கமெல்லாம் பேஸ் கிட்டாருக்குன்னு ஒரு ரிப்பேர்காரரைத் தேடிப் புடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, திருச்சிக்கோ மெட்ராஸுக்கோ தூக்கிட்டுப் போகணும், அதுக்கு ஆகுற செலவுல ஒரு செட்டு கம்பியே வாங்கிடலாம்.

நான் பெரிய வித்வான்லாம் இல்லைங்க. 20 வருஷமா திருவிழா ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கிறேன், டிசம்பர்ல சர்ச்சுல கூப்பிட்டா போவேன். ராஜா சார்கிட்ட வாசிச்ச சசிதரன், ரஹ்மானுக்கு வாசிச்ச கீத் பீட்டர்ஸ் இவங்களைக் கேட்டுத்தான் பேஸ்னு, பாட்டுக்கு அடியில கனமாக் கேக்குற நாலு கம்பி கிட்டார் ஒண்ணு இருக்கறதே எங்க செட்டுக்குத் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நாலு கம்பி கிட்டார்னா ரெண்டு கம்பி அந்து போன கிட்டார்னு நெனச்ச ஆளுங்க நாங்க.

முதல்ல ஹெட்ல (கழுத்து முடியுற தலைப்பக்கம்) எழுதியிருக்கற பேரைப் பாத்து மயங்குறதை நிறுத்துங்க. இன்னிக்கு கடையில தொங்குற பேஸ்ல பெரும்பாலானது ரெண்டே ரெண்டு மாடலோட பேரப்புள்ளைங்கதான். லியோ ஃபெண்டர் 1951-ல கொண்டு வந்த பிரிசிஷன் பேஸ் ஒண்ணு, 1960-ல வந்த ஜாஸ் பேஸ் இன்னொண்ணு. பிரிசிஷன்னு (துல்லியம்னு அர்த்தம்) பேரு வச்சதே ஃப்ரெட், அதாவது கழுத்துக்குக் குறுக்க அறைஞ்சிருக்கற மெட்டு, இருக்கறதாலதான், அதுவரைக்கும் ஆள் உயர டபுள் பேஸ்ல ஃப்ரெட் இல்லாம காதை நம்பி விரலை வச்சுக்கிட்டிருந்தாங்க, இதுல ஃப்ரெட்டுக்குப் பின்னாடி அமுக்குனா சுரம் கரெக்டா வந்துரும். அதுல வச்ச 34 இன்ச் கம்பி நீளம்தான் இன்னிவரைக்கும் நடைமுறை. ஃபெண்டரோட கம்பெனியை 1965-ல சிபிஎஸ்னு ஒரு டிவி கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, அப்புறம் தரம் போச்சுன்னு எல்லாரும் பொலம்ப, 1985-ல அங்க வேலை பாத்தவங்களே சேந்து திருப்பி வாங்குனாங்க. நடுவுல 1982-ல ஸ்குவையர்னு விலை கம்மியான பேரு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முதல்ல ஜப்பான்ல செஞ்சது, அப்புறம் கொரியா, சீனா, இந்தோனேசியான்னு போயிருச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, ஸ்குவையர் ஒண்ணு கையில கிடைச்சா சீரியல் நம்பரைப் பாருங்க, ஐ சி எஸ்னு ஆரம்பிச்சா அது இந்தோனேசியாவுல கோர்ட் கிட்டார் செய்யிற கோர்-டெக் ஃபேக்டரியில செஞ்சது, அதுக்கடுத்த ரெண்டு நம்பர் வருஷம். அதே கோர்-டெக் ஐபனெஸுக்கும் செய்யிறாங்க, இன்னும் பல பேருக்கும் செய்யிறாங்க. திருபுவனத்துல ஒரே தறியில நெய்ஞ்ச பட்டு நாலு ஜவுளிக்கடைப் பையில போகுதுல்ல, அந்தக் கதைதான். அதனால கோர்ட்னு எழுதியிருந்தா மட்டம், வேற பேரு எழுதியிருந்தா ஒசத்தின்னு ரெண்டு மடங்கு காசு குடுக்காதீங்க. யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குவையர் நாலுல எது நல்ல கழுத்தோட கிடைக்குதோ அதை எடுங்க. அவ்ளோதான் என் பிராண்ட் ஞானம்.

மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பாஸ்வுட் பாடின்னு போட்டிருக்கும், இங்கிலீஷ்ல எழுதுனா பேஸ் கிட்டார்ல வர அதே நாலு எழுத்து, அதனால பேஸுக்குன்னே வளத்த மரம் சார்னு ஒரு கடைக்காரர் என்கிட்ட சத்தியம் பண்ணாரு. அது லிண்டன் மரம், அதோட பட்டையில நார் உரிப்பாங்க, அந்த நாருக்குண்டான பழைய சொல்லுலேர்ந்து வந்த பேரு, பேஸுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அப்புறம் 2017-லேர்ந்து 2019 வரைக்கும் செஞ்ச சில கிட்டார்ல ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் அறைஞ்சிருக்கற பலகை) ரோஸ்வுட் மாதிரி இருண்டு இல்லாம கொஞ்சம் வெளுத்த காப்பி கலர்ல இருக்கும். பயப்படாதீங்க. 2017 ஜனவரியில ரோஸ்வுட் வகை முழுக்க, நம்ம ஈட்டி மரமும் சேத்து, நாடு விட்டு நாடு போகணும்னா பர்மிட் வேணும்னு சைட்டிஸ்ங்கற, அரிய மரம், மிருகம் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்துல கொண்டு வந்தாங்க, அந்தத் தலைவலி வேணாம்னு கம்பெனிக்காரங்க பாவ் ஃபெரோ மாதிரி வேற மரத்துக்குப் போனாங்க, செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு 2019 நவம்பர்ல விலக்கு குடுத்துட்டாங்க. அந்த மரமும் நல்ல மரம்தான். ஆனா விக்கிறவர் டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்பட்டு விலையைக் குறைச்சிருந்தா, நீங்க வாயைத் தொறக்காதீங்க.

இப்ப முக்கியமான எடம், கழுத்து. மாட்டை வாங்குறவன் பல்லைப் பாப்பான், பேஸ் வாங்குறவன் கழுத்தைப் பாக்கணும். வெலைக்கு வந்த பேஸோட நாப் போயிருக்கலாம், ஜாக் (கேபிள் சொருகுற எடம்) ஆடலாம், பெயிண்ட் பேந்திருக்கலாம், எல்லாத்தையும் நூறு எரநூறு ரூவால சரி பண்ணிடலாம், கழுத்து முறுக்கிக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. என்னோட முதல் பேஸை வெளியூர்ல ஒருத்தர்கிட்ட ராத்திரி எட்டு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்துல பாத்து வாங்குனேன், கலர் நல்லா இருந்துச்சு, காலையில வீட்டு வாசல்ல வச்சுப் பாத்தா கழுத்து முறுக்குன முருங்கைக்காய் மாதிரி இருக்கு. போன் பண்ணா எடுக்கவே இல்ல. அதனால பகல்ல போய்ப் பாருங்க.

பேஸைத் தூக்கி, பாடி பக்கத்தை முகத்துக்கிட்ட வச்சு, ஒத்தக் கண்ணை மூடிட்டு, ஆசாரி பலகையைப் பாக்குற மாதிரி கழுத்து நெடுகப் பாருங்க. தடிக்கம்பி ஓரமும் சன்னக்கம்பி ஓரமும் ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சா பரவால்ல, ஒரு ஓரம் நேரா இருந்து இன்னொரு ஓரம் வளைஞ்சிருந்தா அது முறுக்கு, கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. அடுத்து இடது கையால முதல் ஃப்ரெட்டுல கம்பியை அமுக்குங்க, வலது கையால கழுத்து பாடியில சேர்ற எடத்து ஃப்ரெட்டுல அமுக்குங்க, இப்ப கம்பியே ஸ்கேலு. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் கிட்ட கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு சந்து இருக்கணும். சந்தே இல்லாம ஒட்டிக்கிட்டு நின்னா கழுத்து ரொம்ப நேரா இருக்கு இல்ல பின்னாடி வளைஞ்சிருக்கு, ரெண்டு மூணு கார்டு நுழைஞ்சா முன்னாடி வளைஞ்சிருக்கு. இது ரெண்டும் சரி பண்ணக்கூடியது, ஆனா அதுக்கு கழுத்துக்குள்ள இருக்கற ட்ரஸ் ராட்ங்கற இரும்புக் கம்பி வேலை செய்யணும். அதனால விக்கிறவர் எதிர்லயே ஆலன் கீ போட்டு கால் சுத்து லூஸ் பண்ணி திருப்பி டைட் பண்ணிப் பாருங்க. விடமாட்டேன்னு சொன்னாலோ, கீ உள்ள வழுக்குனாலோ, ஏற்கனவே கடைசி வரைக்கும் டைட் பண்ணி வச்சிருந்தாலோ வேணாம். கீ சைஸ் விஷயத்துல கவனம், அமெரிக்காவுல செஞ்சதுக்கு இன்ச் கீ, ஆசியாவுல செஞ்சதுக்கு பெரும்பாலும் மில்லி மீட்டர் கீ, கிட்டத்தட்ட சேருதேன்னு போட்டுத் திருகுனா உள்ள இருக்கற மூலை மழுங்கிடும், அப்புறம் அது வெறும் ஓட்டைதான்.

மத்ததெல்லாம் வேகமாப் பாத்துரலாம். நாலு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா வாசிங்க, எங்கயாச்சும் சத்தம் செத்துப் போகுதான்னு கேளுங்க. சன்னக்கம்பியில அஞ்சாவதுலேர்ந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள்ள ஒரு எடத்துல சத்தம் சீக்கிரமா அடங்குனா அது ஃபெண்டர் டைப் பேஸ் பலதுலயும் இருக்கற பொறவிக் குணம், விலை பேச யூஸ் பண்ணிக்கோங்க, ஆனா அதுக்காக வேணாம்னு வராதீங்க. ஆக்டிவ் பேஸா (உள்ள பேட்டரியில ஓடுற சர்க்யூட் இருக்கறது) இருந்தா 9 வோல்ட் பேட்டரி டப்பாவைத் தொறந்து பச்சையா பூத்திருக்கான்னு பாருங்க. நாப் திருகும்போது கரகரன்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சா போயிரும். ஜாக் ஆடுனா பக்கத்துத் தெரு டிவி மெக்கானிக்கே ஈயம் வச்சுக் குடுத்துருவாரு, எங்க தெருக்காரர் காசுகூட வாங்கல, ஒரு டீ தான்.

வாங்கியாச்சு. முதல் வேலை கம்பி மாத்துறது. பழைய கம்பியோட செட்டிங் பண்ணாதீங்க, புதுசு போட்டதும் எல்லாம் மாறிடும். தடிமன் 45-லேர்ந்து 105 வரைக்கும்னு போட்டிருக்கற செட்டு கேளுங்க, அதான் நார்மல் சைஸ். ஒரு கம்பியைக் கழட்டி ஒரு கம்பி மாட்டுங்க, நாலையும் ஒரேயடியாக் கழட்டிடாதீங்க. ஹெட்ல சுருதி சேக்குற கீயைத் தாண்டி ஒரு நாலஞ்சு இன்ச் விட்டு, மொதல்ல தொண்ணூறு டிகிரி மடிச்சுட்டு அப்புறம் வெட்டுங்க, மடிக்காம வெட்டுனா மேல சுத்துன கம்பி உள்கம்பியை விட்டு நழுவிடும், அப்புறம் அந்தக் கம்பி மத்தளத்துல போட்ட கல்லு மாதிரி தட்டு தட்டுன்னுதான் கேக்கும். கீழ்நோக்கிச் சுத்துங்க.

கம்பி வாங்கக் காசு இல்லையா, பழசைக் கழட்டி பச்சைத் தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்க வச்சு நல்லாத் துடைச்சு வெயில்ல காய வச்சு மாட்டுங்க, சுத்துக்குள்ள அடைச்ச அழுக்கு கரைஞ்சு ரெண்டு கச்சேரிக்கு பளிச்சுனு கேக்கும். ரசம் வைக்கிற பாத்திரத்துல மட்டும் பண்ணிடாதீங்க, எங்கம்மா ஒரு வாரம் பேசல. அமெரிக்காவுல மோட்டவுன்ங்கற ரெக்கார்டு கம்பெனியில பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாத்த மாட்டாராம், அழுக்குலதான் சத்தம் இருக்குன்னு. அவரு போட்டது வழவழன்னு இருக்கற ஃப்ளாட்வவுண்ட் கம்பி, வாசிச்சது ஒத்த விரல்ல, அதை நம்பி நீங்க சொரசொரன்னு இருக்கற ரவுண்ட்வவுண்ட் கம்பியை ரெண்டு வருஷம் வச்சுக்காதீங்க.

அடுத்து கழுத்து சரி பண்றது. கம்பியைத் தடிசுலேர்ந்து சன்னம் வரைக்கும் மி, லா, ரே, சோல்னு, அதாவது டியூனர்ல ஈ, ஏ, டி, ஜின்னு சுருதி சேத்துட்டு (தடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் சுமாருக்குத்தான் அதிருது, அதனால கிளிப் டியூனர் தடுமாறும், பன்னண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை வச்சுச் சேருங்க, அது என்னன்னு கீழ சொல்றேன்) முன்னாடி சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்க. டூவீலர் மெக்கானிக் டாப்பெட் செட்டிங்குக்கு ஃபீலர் கேஜ் வச்சிருப்பாரு, அதுல 0.3 மில்லி தகடு எடுத்து எட்டாவது ஃப்ரெட்டுல நுழைச்சுப் பாத்தா இன்னும் துல்லியம். சந்து அதிகமா இருந்தா ட்ரஸ் ராடை வலது பக்கம் சுத்துங்க, கழுத்து நிமிரும். சந்து இல்லன்னா இடது பக்கம், கழுத்து கம்பியோட இழுப்புக்கு வளைஞ்சு குடுக்கும். ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல கூடாது, திருப்பி சுருதி சேத்து, ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்துட்டு அப்புறம் அடுத்த கால் சுத்து. அவசரம்னா இந்த வேலைக்கே வராதீங்க, மரம் நிதானமாத்தான் நகரும், மறுநாள் காலையில பாத்தா இன்னும் கொஞ்சம் நகந்திருக்கும்.

அப்புறம் கம்பி உயரம். 17-வது ஃப்ரெட்டுல ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளந்தா தடிக்கம்பிக்குக் கீழ 2.4 மில்லி, சன்னக்கம்பிக்குக் கீழ 2 மில்லி, இது ஃபெண்டர்காரங்களே சொல்ற அளவு, இங்கேர்ந்து ஆரம்பிச்சு உங்க கைக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கிக்கோங்க. பாடியில கம்பி மாட்டியிருக்கற பிரிட்ஜ்ல, ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற சேடில்லயும் ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதான் ஏத்தம் இறக்கம். கிர்ர்னு அடிச்சா எங்க அடிக்குதுன்னு கேளுங்க, அதுவே வைத்தியத்தைச் சொல்லிரும். முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள மட்டும் அடிச்சா கழுத்து ரொம்ப நேரா இருக்கு, ராடை லூஸ் பண்ணணும். பன்னண்டுக்கு மேல அடிச்சா கம்பி தாழ்ந்திருக்கு. ஒரே ஒரு எடத்துல அடிச்சா அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கு. எங்கயும் அமுக்காம வெறும் கம்பியா வாசிக்கும்போது மட்டும் அடிச்சா நட்டுல (ஹெட்டும் கழுத்தும் சேர்ற எடத்துல கம்பி உக்கார்ற துண்டு) காடி, அதாவது கம்பி உக்கார்ற பள்ளம், ஆழமாயிருச்சு, அதுல துளி ஆப்ப சோடா போட்டு மேல ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டா கல்லாட்டம் ஆயிரும், அப்புறம் சன்ன அரத்தால மெதுவா காடி எடுத்துக்கலாம். சிரிப்பாத்தான் இருக்கும், ஆனா பெரிய பெரிய ரிப்பேர்காரங்களே செய்யிற வேலை இது.

கடைசியா சுருதி ஒழுங்கு, இன்டோனேஷன்னு சொல்லுவாங்க. இதை நம்ம ஊர் ஆளுங்களுக்கு வீணையை வச்சுச் சொன்னா சட்டுனு புரியும். தஞ்சாவூர் வீணையில 24 மெட்டும் மெழுகு மேலதான் உக்காந்திருக்கும், சுரம் தப்புனா மெழுகை எளக்கி மெட்டை நகத்தி திருப்பி சுரத்துக்கு உக்கார வைப்பாங்க, மேளம் கட்டுறதுன்னு பேரு. பேஸ்ல மெட்டு மரத்துல அறைஞ்சிருக்கு, நகராது, அதனால கம்பியோட நீளத்தை நகத்துறோம். பன்னண்டாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல விரலை சும்மா தொட்டு மீட்டுனா மணி அடிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும், அது ஹார்மோனிக். அதே ஃப்ரெட்டை அமுக்கி வாசிங்க, ரெண்டும் டியூனர்ல ஒரே எடத்துல நிக்கணும். அமுக்குனது கூடுதலா காமிச்சா சேடிலைப் பின்னாடி தள்ளுங்க, கம்மியா காமிச்சா முன்னாடி இழுங்க, ஒவ்வொரு தடவையும் சுருதி திருப்பிச் சேத்துட்டுத்தான் பாக்கணும். இதைக் கடைசியாத்தான் பண்ணணும், கழுத்தும் உயரமும் முடியாம இதைத் தொட்டா எல்லாம் ரெண்டாவது தடவை. முதல் தடவை எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு, இப்ப முக்கா மணி நேரம்.

நம்ம ஊர் தண்ணி, காத்து ரெண்டும் மரத்துக்கும் இரும்புக்கும் ஆகாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில கழுத்து நகரும், சித்திரை வெயில்ல திருப்பி நகரும், அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ரஸ் ராடைத் தொடுறது சகஜம், கிட்டார் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க. ஓதம் அடிக்கிற செவுத்துல சாத்தி வைக்காதீங்க, பைக்குள்ள நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் வாசிச்சுட்டு வந்தா அன்னிக்கு ராத்திரியே கம்பியை அடியோட துடைக்கணும், உப்புக்காத்து காலையிலயே துருவைக் காமிச்சுரும். தேங்காயெண்ணெய் தடவுற ஆளுங்க இருக்காங்க, கையெடுத்துக் கும்பிடுறேன், வேணாம், பிசுக்கு ஏறி கம்பி செத்துடும். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வறண்டு போனா லெமன் ஆயில் போடச் சொல்லுவாங்க, அது கிட்டார் கடையில விக்கிற எண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு இல்ல. அக்கா பையன் முதல் கிட்டார்ல அரை மூடி புழிஞ்சுட்டான், ஃப்ரெட் எல்லாம் பச்சை புடிச்சு நின்னுச்சு. மேப்பிள் போர்டுல வார்னிஷ் இருக்கும், அதுக்கு ஈரத்துணியே போதும்.

இப்ப மேடை. வீட்டுல இருக்கற லீட் கிட்டார் ஆம்புல பேஸைச் சொருகி சத்தமா வைக்காதீங்க, ஸ்பீக்கர் கிழியும். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆம்ப் தூக்கிட்டுப் போக முடியாதவங்க ஒரு டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற சின்னப் பெட்டி) வாங்கி நேரா மிக்ஸர்ல குடுங்க, பேட்டரி இல்லாத பாசிவ் பேஸை மிக்ஸர் லைன்ல அப்படியே சொருகுனா மேல்சத்தம் செத்து கம்பளி போத்துன மாதிரி கேக்கும். உர்ர்னு இரைச்சல் வந்தா கம்பியைத் தொடுங்க, தொட்டதும் குறைஞ்சா கிட்டாரோட எர்த் ஒயர் நல்லா இருக்கு, உள்ள இரைச்சலைத் தடுக்குற உலோக மறைப்பு, ஷீல்டிங்தான் போதல. தொட்டதும் கூடுனா எர்த் ஒயர் எங்கயோ தப்பாவோ அந்தோ கெடக்கு, பிரிட்ஜுக்கு அடியில போற ஒயரைப் பாருங்க.

இதுக்கும் மேல ஒரு விஷயம் இருக்கு, அதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. கம்பி, பிரிட்ஜ் எல்லாம் ஒயர் வழியா ஆம்போட எர்த்துல சேந்திருக்கு. திருவிழாப் பந்தல்ல ஜெனரேட்டர்ல எர்த்தே இல்லாம, மூணு பின் பிளக்குல ஒரு பின்னை ஒடைச்சுட்டு சொருகியிருப்பாங்க, அப்ப ஆம்புல கசிவு இருந்தா கரண்ட் உங்க கம்பியில நிக்கும். கம்பியில கையை வச்சுக்கிட்டு மைக்ல வாயை வச்சா உங்க உடம்புதான் ஒயரு. நான் வாங்குனது ஒதட்டுல சுள்ளுனு ஒண்ணு, அதோட போச்சு, மழை பேஞ்ச ஈரத் தரையா இருந்திருந்தா இதை எழுத ஆள் இல்ல. சட்டைப் பையில ஒரு டெஸ்டர் வச்சுக்கோங்க, எல்லாம் ஆன் பண்ணதும் முதல்ல பேஸ் பிரிட்ஜுல, அப்புறம் மைக் வலையில வச்சுப் பாருங்க, ரெண்டுல ஒண்ணுல லேசா எரிஞ்சாக்கூட கேபிளைப் புடுங்கிட்டு செட்டுக்காரரைக் கூப்பிட்டு எர்த் கம்பி அடிக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் கமிட்டிக்காரங்க என்ன கத்துனாலும் கத்தட்டும், கிட்டாரைப் பையில வச்சுட்டு பந்தக்கால்கிட்ட உக்காந்து சுண்டல் சாப்பிடுங்க.